போர்டு போனா பாதி லேப்டாப் போச்சுங்க

என்ற லேப்டாப்புக்கு இந்த வாரம் மறுபடியும் மதர்போர்டு மாத்தியாச்சுங்க.

அதே கோளாறுதான். பவர் பட்டனை அமுத்துனா லைட்டு ஒருக்கா மினுங்கும். ஃபேன் ஒரு சுத்து சுத்தும். அவ்வளவுதான், நின்னுரும்.

கோயமுத்தூர்லருந்து சர்வீஸ் தம்பி பைக்குல வந்தாரு. எங்கூட்டுச் சாப்பாட்டு மேசை மேலயே பிரிச்சு, பழைய போர்டைக் கழட்டி, புதுசை மாட்டி, ஓட்டிக் காட்டி, ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாரு. ஒரு ரூபா வாங்கலை. ஏன்னா வாங்கறப்பவே நான் எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருந்தேன்.

சந்தோசமும் கோவமும் ஒண்ணா வருதுங்க எனக்கு. ஊடு தேடி வந்து செஞ்சு குடுத்தாங்களேன்னு சந்தோசம். மூணு வருசம் ஆகாத சாமான்ல ஒரே பாகம் திரும்பத் திரும்பப் போகுதேன்னு கோவம். ரெண்டையும் இங்க எழுதி வெச்சுடறேன். (கம்பெனி பேரு சொல்லப் போறதில்லை. எல்லாக் கம்பெனிலயும் இந்தக் கதை இருக்குது.)

இப்ப எழுத இன்னொரு காரணமும் இருக்கு. எங்க பெரியம்மா பேத்தி காலேஜ் சேரப் போறா. "சித்தி, கடைக்காரர் வாரண்டிக்குத் தனியா காசு கேக்கறாரு, போடலாமா வேண்டாமா?"ன்னு போன் பண்ணுனா. ஒரே வார்த்தைல ஆமா, இல்லைன்னு என்னால சொல்ல முடியலை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க விரிச்சுச் சொல்றேன்.

முதல்ல என்ற சோலி என்னன்னு சொல்லிடறேன், இல்லாட்டி விசயம் புரியாது. அன்னூரைச் சுத்தி இருக்கற தறிக்காரங்க, சின்ன மில்லுக்காரங்க, மளிகைக் கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் குடுக்கறேன், ஊட்டுலருந்தே. மாசம் 11ம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ம் தேதி ஒரு ரிட்டர்ன். 20ம் தேதி தாண்டுனா நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீஸ், வரி பாக்கி இருந்தா அதுக்கு வட்டி வேற. லேட் ஃபீஸ் கட்டறது பார்ட்டி. ஆனா பேரு கெடறது எனக்கு. அப்ப லேப்டாப்பு படுத்துச்சுன்னா சோலி மொத்தமும் படுத்த மாதிரிதான்.

சரி, கணக்குக்கு வரலாம்.

2009ல ஸ்கொயர்ட்ரேட்ங்கற அமெரிக்கக் கம்பெனி ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. 3 வருசத்துல 100 லேப்டாப்புக்கு 31 எப்படியோ ஒரு வகைல கெட்டுப் போகுதாம். அதுல 20 தானாக் கெடறது. மிச்சம் கீழ விழுந்தது, தண்ணி ஊத்துனது. (அந்தக் கம்பெனி விக்கறதே எக்ஸ்டெண்டட் வாரண்டிதான். அதையும் மனசுல வெச்சுட்டுப் படிங்க.)

முதல் வருசம் எப்படியும் கம்பெனி வாரண்டி இருக்கு. அதைக் கழிச்சுட்டு, பின்னாடி வர்ற 2 வருசத்துல 100க்கு 15 தானாக் கெடும்னு நானா ஒரு தோராயம் வெச்சுக்கறேன். போர்டுக்கு எனக்குச் சொன்ன விலை 22 ஆயிரம். லேப்டாப்பு விலைல கிட்டத்தட்ட பாதி. அந்த 22 ஆயிரத்துல 15 சதம்னா 3,300 ரூபா. வாரண்டிக்கு நான் குடுத்தது 5 ஆயிரத்துக்கு மேல.

ஆக, சராசரி பார்த்தா விக்கறவங்களுக்குத்தான் லாபம். அமெரிக்காவுல நுகர்வோருக்காகவே நடக்கற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையும் ரொம்ப வருசமா இதையேதான் சொல்லுது, பெரும்பாலான சாமானுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டாம்னு. அவங்க சொல்றது சரிதான்.

ஆனா அந்தச் சராசரிக்குள்ள அன்னூர் வராதுங்க.

எங்க ஊர்லருந்து காந்திபுரம் 30 கிலோமீட்டர் இருக்கும். கணேசபுரம், கோவில்பாளையம் வரைக்கும் பஸ்ஸு நல்லாப் போகும். சரவணம்பட்டி வந்துட்டா ஊர்ந்துதான் போகோணும். சர்வீஸ் சென்டர்ல டோக்கன் வாங்கி உக்காரோணும். "ஸ்பேர் வரணுங்க மேடம், போன் பண்றோம்"னு அனுப்பிருவாங்க. அப்புறம் திரும்ப வாங்க ஒருக்கா போகோணும். சரியாகலைன்னா இன்னொருக்கா. கோயமுத்தூருக்குள்ள குடியிருக்கறவங்களுக்கு இது ஒரு மணி நேரச் சோலி. எனக்கு ஒவ்வொருக்காவும் ஒரு நாள் முழுசாப் போகுது. மேட்டுப்பாளையம், புளியம்பட்டிப் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னும் எச்சாத் தூரம்.

அதனால நான் காசு குடுத்தது போர்டுக்குன்னு நினைக்கலை. ஊட்டுக்கு ஆள் வர்றாங்க பாருங்க, அதுக்குத்தான். ஆன்சைட்னு சொல்றது அதைத்தான். அது இல்லாம, நீங்களே தூக்கிட்டு வாங்கன்னு சொல்ற கேரி-இன் வாரண்டியா இருந்தா எனக்கு அதுல பாதி பிரயோசனம் இல்லை.

பேத்திக்குச் சொன்ன முதல் பதில் இதுதான். "கண்ணு, நீ கோயமுத்தூர் ஹாஸ்டல்ல இருக்கப் போறே, காலேஜ் லேப்ல சிஸ்டம் இருக்கு, வகுப்புல ஆளுக்கொரு லேப்டாப்பு இருக்கு. உனக்கு ஒரு வாரம் லேப்டாப்பு இல்லாட்டிச் சமாளிச்சுக்கலாம். நீ வாரண்டிக்குக் குடுக்கற காசை பேங்குல போட்டு வெச்சாலும் தப்பில்லை. ஆனா கீழ விழுந்தாலும் தண்ணி ஊத்துனாலும் பார்த்துக் குடுப்பாங்கன்னு ஒரு திட்டம் இருக்கும், அதை மட்டும் கேளு." ஹாஸ்டல்ல லேப்டாப்பு கட்டில் மேலயிருந்து விழுகறதுதான் எச்சா. சாதா வாரண்டியும், அதை நீட்டற எக்ஸ்டெண்டடும் விழுந்ததைத் தொடவே தொடாது. ஆக்சிடெண்டல் டேமேஜ்னு தனியா எழுதியிருக்கோணும்.

சரி, கோவத்துக்கு வர்றேன்.

ஒரே கோளாறு ஏன் திரும்பத் திரும்ப வருது? சர்வீஸ் தம்பிகிட்டக் கேட்டேன். "உங்க ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்குமுங்க்கா"ன்னாரு. பாவம், அவரைச் சொல்லிக் குத்தமில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா சார்ஜரைத் திருப்பிப் பார்த்தா 100 முதல் 240 வோல்ட்னு அவங்களே அச்சடிச்சிருக்காங்க. தறி ஓடற ஊர்ல, மோட்டார் போட்டவுடனே கரண்டு 180க்கு இறங்குனாலும் அந்தச் சார்ஜர் தாங்கோணும். தாங்கறதுக்குத்தான் அப்படிச் செஞ்சது. இடி மின்னல்ல திடீர்னு பாயற கரண்டு வேற விசயம், அதுக்கு சார்ஜரைப் பிடுங்கி வைக்கறதுதான் வழி. ஐப்பசி மழைல நான் ஒருநாளும் மறக்காமப் பிடுங்கிருவேன்.

நான் தேடிப் படிச்ச வரைக்கும், திரும்பத் திரும்பப் போகற சாமானுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரே காரணம்தான். கெட்டுப்போன பாகத்தை எடுத்துட்டு, அதே குறையோட செஞ்ச இன்னொண்ணை மாட்டறாங்க.

இதுக்குப் பெரிய உதாரணம் 2008ல நடந்துச்சு. என்விடியா அப்ப லேப்டாப்புக்குச் செஞ்ச கிராபிக்ஸ் சிப்புல ஒரு குறை. சிப்பையும் அதுக்கு அடில இருக்கற தட்டையும் இணைக்கறது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஈயப் பத்துப் புள்ளிக. லேப்டாப்பு சூடானா விரியும், ஆறுனா சுருங்கும். தினம் ஆன் பண்ணி ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி ஆஃப் பண்ணி, கடைசில அந்தப் புள்ளில முடி கனத்துக்கு விரிசல் விட்டுரும். ஸ்கிரீன் கோடு கோடா வரும், அப்புறம் ஒண்ணுமே வராது.

அந்த வருசம் ஜூலைல என்விடியாவே ஒத்துக்கிட்டு, ரிப்பேர் செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கறோம்னு அறிவிச்சாங்க. அந்தச் சிப்பைப் போட்டு வித்த கம்பெனிகள்ல டெல் 12 மாசம் வாரண்டியைச் சும்மாவே கூட்டிக் குடுத்துச்சு. எச்பி குறிப்பிட்ட மாடல்களுக்கு நீட்டுச்சு. ஆப்பிளும் மேக்புக் ப்ரோவுக்கு இலவசமா மாத்திக் குடுத்துச்சு.

அந்த மாதிரி போர்டை ஹீட் கன் வெச்சுச் சூடு காட்டுனா கொஞ்ச நாளைக்கு ஓடும். விரிசல் தற்காலிகமா ஒட்டிக்கும். அப்புறம் மறுபடியும் படுத்துரும். நம்ம பக்கம் சிப் லெவல் சர்வீஸ் பண்றவங்க யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க.

இன்னொண்ணு ஆப்பிளோட பட்டர்ஃப்ளை கீபோர்டு. 2015ல வந்துச்சு. பட்டனுக்கு அடில தூசி போனா ஒட்டிக்கும், இல்லாட்டி ஒரே எழுத்து ரெண்டு தடவை விழும். வாரண்டில குடுத்தா அதே மாதிரி கீபோர்டையே திரும்ப மாட்டிக் குடுத்தாங்க, அதுவும் போச்சு. 2018 ஜூன்ல, வாங்கி 4 வருசம் வரைக்கும் இலவசமாச் சரிபண்றோம்னு உலகம் பூராவுக்கும் அறிவிச்சாங்க. 2019 கடைசில அந்த அமைப்பையே மாத்த ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல கேஸ் போட்டவங்களுக்கு 2022ல 5 கோடி டாலருக்கு சமாதானம் ஆச்சு.

இங்கதான் என்ற வாதம் இருக்கு. தெரியாத்தனமா ஒரு லேப்டாப்புல எதோ போச்சுன்னா, அதுக்கு நான் வாரண்டிக் காசு குடுக்கறது நியாயம். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, போனவங்களுக்குச் செய்யற ஏற்பாடு. ஆனா ஒரு மாடல்ல ஒரே பாகம் பத்து ஊட்டுலயும் போகுதுன்னா அது செஞ்சவங்க தப்பு. அதைச் சரிபண்ணிக் குடுக்கறதுக்கு என்கிட்டயே தனியாக் காசு வாங்கறது நியாயமே இல்லை. 2008ல செஞ்ச மாதிரி அவங்களே வாரண்டியை நீட்டோணும். தப்பை நம்ம தலைல கட்டி, அதுக்கு ஒரு திட்டம்னு பேரும் வெச்சு வித்தா எப்படிங்க?

கீல் விசயம் பார்த்தா இது இன்னும் நல்லாப் புரியும். (ஹிஞ்ச்னுதான் கடைல சொல்லுவாங்க.)

மூடியைத் தூக்கறப்ப சுழல்ற இரும்புக் கீல், அடிப் பெட்டியோட எப்படி இணையுதுன்னு பார்த்திருக்கீங்களா? பிளாஸ்டிக்குக்குள்ள சின்னச் சின்ன பித்தளை நட்டைச் சூடு பண்ணி அமுத்தி வெச்சிருப்பாங்க. அதுல திருகாணி. நாள் ஆக ஆக கீலுக்குள்ள இருக்கற கிரீஸ் காஞ்சு இறுகிப் போயிரும். நீங்க மூடியைத் தூக்கறீங்க, இரும்பு அசையமாட்டேங்குது, அந்த விசை பூராவும் பிளாஸ்டிக்குக்குப் போகுது. ஒரு நாள் பித்தளை நட்டு பேத்துக்கிட்டு வந்துரும். மூடி ஒரு பக்கம் வாயைப் பிளக்கும். ஸ்கிரீனுக்குப் போற கேபிளும் அந்தக் கீல் வழியாத்தான் போகுது, அதையும் கடிச்சு வெச்சுரும்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க, ஒரு வார்த்தை சொல்லுவாங்க. "சிஐடி." கஸ்டமர் இண்டியூஸ்டு டேமேஜ். நீங்க உடைச்சது, வாரண்டி கிடையாது.

எங்க பக்கத்து ஊட்டு அண்ணன் மகன் இதைக் கேட்டுட்டு கண்ணு கலங்கி வந்தான். அவன் கீழயும் போடலை, மேலயும் போடலை. தினம் திறந்து மூடுனான், அவ்வளவுதான். திறந்து மூடறதுக்குத்தானேங்க கீலு வெக்கறாங்க?

நெட்டுல அவன் மாடல் பேரைப் போட்டுத் தேடுனா அதே இடத்துல உடைஞ்ச போட்டோ வரிசையா வருது. அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கிட்டு மறுபடியும் போகச் சொன்னேன். இது பயன்படுத்துன விதத்துல வந்ததில்லை, அமைப்புல இருக்கற குறைன்னு எழுதிக் குடுக்கச் சொன்னேன். மேலிடத்துக்கு அனுப்பிப் பார்த்துட்டு, மேல் பலகையை மாத்திக் குடுத்தாங்க. எல்லாருக்கும் குடுப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்காதவங்களுக்கு நிச்சயம் கிடைக்காது.

(2011 செப்டம்பர் 15ல அரசு இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சதுலருந்து நம்ம ஊட்டுப் பரண்ல எல்லாம் அரசாங்க முத்திரை போட்ட லேப்டாப்பு ஒண்ணாவது கிடக்கும். ஒரு தலைமுறைப் புள்ளைக முதல் தடவையா டைப் பண்ணுனது அதுலதான். எங்க சொந்தத்துல ஒரு பையன் அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பழகித்தான் இன்னைக்கு சர்வீஸ் கடையே வெச்சிருக்கான். அந்தத் திட்டத்து மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. பேட்டரி போனா கழட்டி வேற மாட்டற மாதிரி இருந்த அந்தக் காலத்து லேப்டாப்பு மேலயும்தான். இப்ப வர்றதுல நிறைய மாடல்ல ரேமையே போர்டோட பத்த வெச்சிடறாங்க. ரேம் போனாலும் மொத்த போர்டையும் மாத்தோணும். போர்டு விலை பாதி லேப்டாப்பு விலை ஆனதுக்கு இதுவும் ஒரு காரணம்.)

தூசி விசயத்துல மட்டும் நம்ம பக்கத்துக்காரங்க கொஞ்சம் கவனமா இருக்கோணும். மில்லு, தறி இருக்கற இடத்துல காத்துல பஞ்சு மிதக்கும். ஃபேன் அதை உள்ள இழுத்து, சூடு வெளிய போற தகட்டுல மெத்தை மாதிரி படிய வெச்சுரும். சூடு வெளிய போகாது. மேல சொன்ன விரிசல் எல்லாம் சூட்டுனாலதானே? தறிக்காரங்க ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் போடற லேப்டாப்பு ஆறு மாசத்துக்கு ஒருக்காவாவது பிரிச்சுச் சுத்தம் பண்ணோணும். வாரண்டில இருக்கறப்ப கம்பெனி ஆளை வெச்சே பண்ணிக்குங்க. வெளிய பிரிச்சா அதையே காரணம் சொல்லிருவாங்க.

இப்ப வாரண்டி வாங்கறவங்களுக்கு.

கம்பெனி குடுக்கற எக்ஸ்டெண்டட் வாரண்டி வேற, கடைக்காரர் விக்கற புரொடக்‌ஷன் பிளான் வேற. கடைக்காரர் விக்கறதை நடத்தறது மூணாவது ஆள். கோளாறுன்னு போன் பண்ணுனா கடை அவங்களைக் காட்டும், அவங்க இவங்களைக் காட்டுவாங்க. நடுவுல நாம. என்னைக் கேட்டா கம்பெனியோடதை மட்டும் வாங்குங்க, அதுவும் ஆன்சைட். கடைல சொல்ற விலைக்கே வாங்கோணும்னு இல்லை, முதல் வாரண்டி முடியறதுக்குள்ள கம்பெனி சைட்ல வாங்கிக்கலாம்னு பெரும்பாலான கம்பெனிக விட்டிருக்காங்க. விசேச நாள்ல விலை இறங்கும்.

பேட்டரியைத் தனியாக் கேளுங்க. 3 வருச வாரண்டின்னு எழுதியிருந்தாலும் பேட்டரிக்கு 1 வருசம்தான்னு கீழ பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. டச்பேட் மேல தூக்குன மாதிரி தெரிஞ்சா பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் சார்ஜ் போடவே போடாதீங்க, உடனே கழட்டச் சொல்லுங்க.

வாங்கி வந்த அன்னைக்கே சீரியல் நம்பரைக் கம்பெனி சைட்ல போட்டு வாரண்டி தேதியைப் பாருங்க. கடைல மாசக்கணக்குல கிடந்த சாமானுக்கு, கம்பெனி கடைக்கு அனுப்புன தேதிலருந்தே வாரண்டி ஓடிட்டு இருக்கும். பில்லை அனுப்புனா திருத்திக் குடுப்பாங்க. பில்லு இல்லாம வாங்குனவங்களுக்கு அந்த மாசமெல்லாம் போனதுதான்.

பில்லுன்னதும் என்ற தொழில் ஞாபகம் வருது. ஜிஎஸ்டி நம்பர் வெச்சிருக்கறவங்க, தொழிலுக்குன்னு வாங்குனா லேப்டாப்புக்கும் வாரண்டிக்கும் கட்டுன 18 சதத்தை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். "அப்ப கம்பெனி பேர்ல பில்லு போட்டா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதே"ன்னு ஒரு மில்லுக்காரர் கேட்டாரு. நல்ல கேள்வி. வியாபார நோக்கத்துக்கு வாங்குனவங்க 2019 நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர் இல்லைதான். ஆனா சொந்தமா உழைச்சு, அதுலயே பிழைப்பு நடத்தறவங்க அதுக்காகவே வாங்குன சாமான்னா, அவங்க நுகர்வோர்தான்னு அதே சட்டத்துல விளக்கம் இருக்கு. என்னை மாதிரி ஊட்டுல உக்காந்து தனியாக் கணக்கு எழுதறவங்களுக்கு அது பொருந்தும்.

அந்தச் சட்டம் நமக்குச் சாதகமாத்தான் இருக்கு, பயப்பட வேண்டாம். நாம குடியிருக்கற ஜில்லாவுலயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் சரி. நமக்கு கோயமுத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வெச்சே ஆகோணும்னும் இல்லை. பிரச்சினை வந்து 2 வருசத்துக்குள்ள போடோணும். அதுக்கு முன்னாடி 1915க்கு ஒரு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்க பதிவானதும் வேலை வேகமா நகர்றதை நானே பார்த்தேன். இந்தத் தடவை எனக்கு போர்டு அத்தனை சீக்கிரம் வந்ததுக்கு அந்தப் போன்தான் காரணம்னு நம்பறேன்.

இதுக்கெல்லாம் அடிப்படை ஒரே காகிதம், ஜாப் ஷீட். ஒவ்வொரு தடவையும் என்ன கோளாறு, எந்தப் பாகத்தை மாத்துனாங்க, எந்தத் தேதின்னு அதுல இருக்கோணும். "நோ பவர், மதர்போர்டு ரீப்ளேஸ்டு"ன்னு எழுத வேண்டிய இடத்துல "ஜெனரல் செக்கப்"னு எழுதியிருந்தா கையெழுத்துப் போடாதீங்க. திருத்திக் குடுங்க தம்பின்னு சொன்னா திருத்திக் குடுப்பாங்க. ஒரே பாகம் திரும்பத் திரும்பப் போகுதுன்னு நாளைக்கு நிரூபிக்கறது அந்தக் காகிதம்தான்.

என்கிட்ட எல்லா ஜாப் ஷீட்டும் இருக்கு. எல்லாத்துலயும் ஒரே வரிதான். அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்பெனிக்கு அனுப்பி, எனக்கு இனி போர்டு வேண்டாம், வேற மாடல்ல லேப்டாப்பே மாத்திக் குடுங்கன்னு நேத்து எழுதிப் போட்டிருக்கேன். 1915 புகார் எண்ணும் அதுல போட்டிருக்கேன். பதில் வந்ததும் சொல்றேங்க.